மாதத்துக்கு எட்டு அடி

பாகாலா ரயிலடி,
22-2-2003, சனிக்கிழமை, மாசி 10.

அன்பு மகள் நளினிக்குச் சின்ன நைனா தணிகாசலம் ஆசி கூறி எழுதுவது. நானும் என் அண்ணியான உன் அம்மாவும் உன் சின்னம்மா கிருஷ்ணம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, விடிந்தால் கொல்லைக்குப் போய் மல்பெரியைப் பார்த்துக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த அந்த மாலத்தீவில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்ற சேதி ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியது. மற்ற விவரமெல்லாம் பின்னால் வரும், முதலில் இதைப் படி. அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக உன்னிடம் எழுதிக் கேட்டிருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. மார்ச் ஒன்றாம் தேதிக்குள் போட்டாக வேண்டும் என்று பொங்கலுக்குப் போன் பண்ணியபோது சொன்னாய், இன்றைக்குத் தேதி இருபத்திரண்டு ஆகிவிட்டது. நம் போர்வெல் சித்திரை முதல் தேதி வற்றிப்போகும் என்று நான் சொன்னதை நம்பித்தான் நீ போடப் போகிறாய். அது சித்திரையில் வற்றாது. ஏன் வற்றாது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன், நீ கணக்கு டீச்சர், படித்துப் பார்த்து நீயே தீர்ப்புச் சொல்.

தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் மார்ச் பிறந்துவிடும். அதனால் இந்த வாரம் போனிலேயே சொல்லிவிடலாம் என்று குப்பம் போய்ப் புருஷோத்தமனுடைய எஸ்.டி.டி. பூத்தில் காத்துக்கிடந்தேன். உன் பள்ளிக்கூட நம்பரைப் போட்டால் ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். நானும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்பதாக இல்லை. புருஷோத்தமன், "அது மெஷினு பேசுதுண்ணா, அதாண்ட போயி இன்னா சண்ட போட்டுகினு கீற" என்கிறான். மெஷின் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு மரியாதைக்குப் பேசினேன். அப்புறம்தான் பாகாலா தாட்சாயணி டீச்சர் ஞாபகம் வந்தது. உனக்குப் பக்கத்துத் தீவில் சயின்ஸ் சொல்லிக்கொடுப்பவர், லீவில் ஊருக்கு வந்திருக்கிறார் என்று நீதானே எழுதியிருந்தாய். அவர் இன்றைக்குக் காட்பாடியில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விமானம் ஏறுகிறாராம். முதல் பஸ்ஸில் குடுபல்லியை விட்டவன் பலமனேர், சித்தூர் என்று மாறி மாறி வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினால், டீச்சர் திருப்பதிக்குச் சாமி கும்பிடப் போயிருக்கிறார், சாயங்கால ரயிலில் வந்து இறங்குவார் என்றார்கள். வீட்டிலேயே உட்காரச் சொன்னார்கள், காபியும் கொடுத்தார்கள், எனக்குத்தான் அங்கே இருப்புக்கொள்ளவில்லை. ரயில் வந்து நிற்கும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பிளாட்பாரத்துக்கு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் என் மகள் ஒரு நாட்டுக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று சொன்னேன், அவர் எழுந்து நின்று கைகொடுத்து, எழுதுவதற்குத் தன் பேனாவையே தந்தார். எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் நான் நடுநடுவே எழுந்து தண்டவாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நினைத்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன். அன்றைக்குப் போனில் நான் சித்திரை முதல் தேதி என்றேன். நீ, "சரி சின்ன நைனா, நான் இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்றேன், புதுசா போரு போட்டுக்கலாம்" என்றாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கங்கம்மா ஜாத்திரையில் வளையல் கடை முன்னால் நின்றுகொண்டு, எனக்கு வேண்டாம் என்று சொல்வாயே, அந்தக் குரல். என் அண்ணன் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான், எனக்குத் தெரியாதா. ஊரில் யார் கேட்டாலும் என் மகள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள், அங்கே அவளை விடமாட்டேன் என்கிறார்கள், அந்த ஊர் மந்திரியே நேரில் வந்து கேட்டார் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்து போய்ப் போரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, போர் அருகே போனால் பூத்துக்குப் போக வேண்டும் போலிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாகப் போடுகிறார்கள், அதையே கதையாகக் கேட்டால் முழிக்கிறார்கள் என்று ஐப்பசியில் எழுதியிருந்தாய் அல்லவா. ரயிலையும் மலையையும் அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை என்பதால் அவர்கள் வீட்டு மழைத்தண்ணீர்த் தொட்டியை வைத்தே சொல்லிக்கொடுத்தேன் என்றும் எழுதியிருந்தாய். முதலில் எவ்வளவு இருந்தது, ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும், எந்த நாளில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று சொல்லிவிடலாம். காகிதத்தில் நாளைப் படுக்கையாகவும் தண்ணீரை நிற்க வைத்தும் குறித்துப் புள்ளி வைத்தால் எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் உட்காரும், அந்தக் கோடு எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அதுதான் சாய்வு. நம் போரையும் இப்படி அளந்து எழுது சின்ன நைனா, இரண்டு அளவு இருந்தால் சாய்வு வந்துவிடும் என்று நீதான் சொன்னாய். நான் ஏழாவது வரைக்கும் தெலுங்கில் படித்தவன், அதற்கு மேல் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன் என்று எங்கள் வாத்தியார் அழுதார். உன் கடிதத்தை ஒரே வாசிப்பில் பிடித்துக்கொண்டேன். சாய்வு என்ன எனக்குப் புதுசா, வரப்பு வெட்டித் தண்ணீர் கட்டுகிறவன் காலுக்குத் தெரியாத சாய்வா. அதைக் கோடாகப் போட்டு வரப்போகிற தேதியைப் பிடிக்கலாம் என்பதுதான் புதுசு.

கார்த்திகை முதல் தேதி நைலான் கயிற்றில் கல்லைக் கட்டி, மோட்டார் பைப்புக்கும் கேசிங் பைப்புக்கும் நடுவில் இருக்கிற சந்தில் விட்டு, மேலே இழுத்து, நனையாத கயிறு எவ்வளவு என்று கொத்தனார் டேப்பால் அளந்தேன். தண்ணீர் இருநூறு அடியில் இருந்தது. தை முதல் தேதி பொங்கல் பொங்கி இறக்கியதும் மறுபடி போனேன். இரண்டு தடவையும் சரியாக உச்சிப் பொழுது, என் நிழல் என் காலடியிலேயே விழுகிற நேரம். நீ ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய் என்பதற்காக அதே கல், அதே கயிறு, சட்டைகூட அதே சட்டை. தையில் இருநூற்று அறுபது அடி. இரண்டு மாதத்தில் அறுபது அடி இறங்கியிருக்கிறது, அப்படியானால் மாதத்துக்கு முப்பது. மோட்டார் தொங்குவது முந்நூற்று ஐம்பதில். மீதி தொண்ணூறு அடி, மாதம் முப்பது என்றால் மூன்று மாதம். தை, மாசி, பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிற அன்று பைப்பில் காற்றுதான் வரும். இதில் தப்பு எங்கே இருக்கிறது, நீயே சொல். மறுநாளே குப்பம் போய் உனக்குப் போன் போட்டேன்.

ஊரிலும் சொன்னேன். ஜோசியக்காரன் கல்யாணத்துக்குத்தான் தேதி சொல்வான், போர் சாகிற தேதியைச் சொன்னவன் இந்த மண்டலத்திலேயே நான்தான். சாந்திபுரத்திலிருந்து ஜீப் வைத்துக்கொண்டு வந்து கேட்டார்கள். ஒரே ஜீப்தான், அதுவும் வழி கேட்க நின்றது என்று உன் சின்னம்மா சொல்வாள், அவள் பேச்சை எடுத்துக்கொள்ளாதே. பக்கத்துக் கொல்லைக் கங்கையாவின் போரையும் அவன் கெஞ்சிக் கேட்டான் என்று அளந்து பார்த்து மாசி ஐந்தாம் தேதி என்றேன். அதை நம்பி அவன் தக்காளி நாற்று நடாமல் விட்டுவிட்டான். மாசி ஐந்து வந்து போய்விட்டது, அவன் பைப்பில் யானைத் தும்பிக்கை மாதிரி கொட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது என்னைப் பார்த்தாலே கையில் தண்ணீரை அள்ளி நீட்டி, "இந்தா சாமி, செத்துப்போன தண்ணி, மூஞ்சி கழுவிகினு போ" என்கிறான். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். உன் அம்மா பொங்கலிலிருந்து ஒரு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேச்சு மட்டும் கிடையாது. சைனாப் பட்டு வந்து இறங்கியதிலிருந்து பட்டுக்கூட்டுக்கு விலை இல்லை என்று ஊரில் பாதிப் பேர் மல்பெரியைப் பிடுங்கிவிட்டார்கள், உன் அம்மா மட்டும் உன் தாத்தாவுக்கு வந்த நிலம், பச்சையாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தார். என் கணக்கைக் கேட்ட பிறகு அவரும் பட்டுப்புழு முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் கூட்டிப்போகிற ஏகாம்பரம் மேஸ்திரி வாசலில் வந்து நின்றுகொண்டு, "எப்டியும் சித்திரைக்கு வரப்போற, இப்பவே வந்துட்டின்னா நல்ல ஷெட்டா புடிச்சித் தர்றேங்கா" என்றார். உன் அம்மா வரமாட்டேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார்.

இதற்கு நடுவில், மாசி முதல் தேதி மூன்றாவது அளவு எடுக்கப் போனேன். என் கோட்டின்படி இருநூற்றுத் தொண்ணூறு இருக்க வேண்டும். கயிற்றை விட்டேன், எடுத்தேன், அளந்தேன். இருநூற்று இருபத்து நாலு. டேப்பைத் திருப்பிப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி விட்டேன். அதே இருநூற்று இருபத்து நாலு. ஒரு சொட்டு மழை இல்லை, ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், தண்ணீர் முப்பத்தாறு அடி மேலே ஏறியிருக்கிறது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் நேராகப் போய்க் கங்கம்மாவுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நான் வேண்டிக்கொண்டதால் அம்மன் தண்ணீரை ஏற்றிக் கொடுத்தாள் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் சின்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வாரம் பூரா ராத்திரி கரண்டு, முழிச்சிகினு மோட்டாரு போட்டு விடிகாலம் வரிக்கும் தண்ணி கட்டனவ நானு, பேரு மட்டும் கங்கம்மாவுக்கா, நல்லாக்கீதுயா உன் நியாயம்" என்றாள். நான் பெண்பிள்ளை பேச்சு என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது உள்ளேயிருந்து உன் அம்மா, ஒரு மாதம் கழித்து வாயைத் திறந்து, "பொங்கலு வாரம் பகல் கரண்டுதான" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

உனக்கு இது மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். கொல்லைக்குக் கரண்டு ஒரு வாரம் ராத்திரியில் விடுவார்கள், அடுத்த வாரம் பகலில், ஒன்பது மணிக்குப் போட்டால் பன்னிரண்டுக்கு நிறுத்திவிடுவார்கள். பகல் கரண்டு வாரத்தில் உச்சிப் பொழுது என்றால் மோட்டார் அப்போதுதான் ஓடி நின்றிருக்கும், உறிஞ்சின உறிஞ்சலில் போரில் தண்ணீர் பாதாளத்தில் இருக்கும். ராத்திரி வாரத்தில் விடியற்காலையே மோட்டார் நின்றுவிடும், உச்சிக்குள் ஊறி ஊறிப் பழைய இடத்துக்கு ஏறி வந்திருக்கும். கார்த்திகையில் நான் அளந்தது ராத்திரி வாரம். தையில் பகல் வாரம். மாசியில் மறுபடி ராத்திரி வாரம். நான் நிழலைப் பார்த்து நேரத்தைச் சரியாகப் பிடித்தேன், கரண்டு ஆபீஸ்காரன் வாரத்தை மாற்றிவிட்டான். எனக்கு இதில் முன்னாலேயே ஒரு சந்தேகம் இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு உன் அம்மா, "இனிமே நீ அளக்காத, கயிற நான் புடிக்கறேன், நீ எழுது" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பகல் கரண்டு வந்தது. முந்தாநாள் வியாழக்கிழமை, மாசி எட்டாம் தேதி, ஒரே நாளில் இரண்டு தடவை பார்த்தோம். காலையில் கரண்டு வருவதற்கு முன்னால், ராத்திரி பூராவும் சும்மா இருந்த தண்ணீர் இருநூற்று இருபத்தாறில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மோட்டார் நின்றதும் பார்த்தால் இருநூற்று எழுபது. ஆக, மோட்டார் ஓடினால் நாற்பத்து நாலு அடி இறங்குகிறது, நிறுத்தினால் திரும்ப ஏறுகிறது. இப்போது உன் கோட்டைப் போடு. சும்மா இருக்கிற தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள். கார்த்திகையில் இருநூறு, மாசி முதல் தேதி இருநூற்று இருபத்து நாலு. மூன்று மாதத்தில் இருபத்து நாலு அடி, மாதத்துக்கு எட்டு. முப்பது இல்லை நளினி, எட்டு. மாசி எட்டாம் தேதி இருநூற்று இருபத்தாறு என்றேனே, ஒரு வாரத்துக்கு இரண்டு அடி, அதுவும் கோட்டிலேயே உட்காருகிறது. இந்தக் கோட்டின்படி தை முதல் தேதி சும்மா இருந்த தண்ணீர் இருநூற்றுப் பதினாறில் இருந்திருக்க வேண்டும். அதோடு மோட்டார் இறக்கிய நாற்பத்து நாலைக் கூட்டு. இருநூற்று அறுபது. நான் பொங்கலன்று அளந்த அதே இருநூற்று அறுபது. அதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

இங்கே என் எதிரே தண்டவாளம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, எங்கேயும் சேரவில்லை, விலகவும் இல்லை. நம் போரிலும் அப்படி இரண்டு கோடு இருக்கிறது. ஒன்று சும்மா இருக்கிற தண்ணீரின் கோடு, இன்னொன்று மோட்டார் ஓடி நின்ற தண்ணீரின் கோடு. இரண்டுக்கும் ஒரே சாய்வு, நடுவில் நாற்பத்து நாலு அடி. நான் கார்த்திகையில் மேல் கோட்டில் ஒரு காலும், தையில் கீழ்க் கோட்டில் ஒரு காலும் வைத்து, அந்தத் தாண்டலையே சாய்வு என்று எடுத்துக்கொண்டேன். மோட்டார் எப்போது காற்றை இழுக்கும் என்று தெரிய வேண்டுமானால் கீழ்க் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். மேல் கோட்டைப் பார்த்து ஒன்றேகால் வருடம் இருக்கிறது என்று குதித்தால் அதுவும் தப்பு, இதை உன் கடிதத்தில்கூட நீ எழுதவில்லை, நானே கண்டுபிடித்தேன். கீழ்க் கோடு இப்போது இருநூற்று எழுபது. மோட்டார் முந்நூற்று ஐம்பது. நடுவில் எண்பது அடி, மாதத்துக்கு எட்டு. பத்து மாதம். மார்கழிக்குப் போகிறது. அதற்கு முன்னால் ஐப்பசி கார்த்திகை மழை வர வேண்டிய காலம் இருக்கிறது, மழை வந்தால் கோடு மேலே திரும்பும்.

வந்தால் என்றுதான் எழுதுகிறேன். போன வருடமும் வர வேண்டிய காலம் இருந்தது, வரவில்லை. கோடு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இறங்கவில்லை என்று நான் உன்னிடம் சொல்லமாட்டேன். பக்கத்தில் யாராவது இன்னும் ஆழமாகப் போர் போட்டால் எட்டு என்பது பத்தாகும், பன்னிரண்டாகும், இதை நினைத்தால் எனக்கு மறுபடி எழுந்து நடக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் சாய்வைக் கொஞ்சம் படுக்க வைப்பது நம் கையிலும் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் மல்பெரியை ஒரு ஏக்கராகக் குறைத்து, மோட்டாரைக் கரண்டு இருக்கிற நேரம் பூரா ஓடவிடாமல் பாதியில் நிறுத்தினால் மாதத்துக்கு ஆறு அடிக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன், வந்தால் எண்பதை ஆறால் வகுத்துப் பார், பதின்மூன்று மாதத்துக்கு மேல் போகிறது. உன் அம்மா அரை ஏக்கர் விடுவதற்கு ஒத்துக்கொண்டார். ஏகாம்பரம் மேஸ்திரி நேற்று வந்தபோது அவரிடம், "ஷெட்ட வேற யாருக்குனா குடுப்பா, நான் புழு வாங்கிட்டேன்" என்றார். வாங்கியும் விட்டார், புழு இப்போது இலை தின்னாமல், முதல் தோல் உரிக்கிற தூக்கத்தில் இருக்கிறது. புழு தின்பதை மட்டும் உன் நேர்கோட்டில் போட முடியாது தெரியுமா, முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், நாலாவது தோல் உரித்த பிறகு கோடு தென்னை மரம் ஏறிவிடும். பிள்ளைகளிடம் எல்லாமே நேராகப் போகும் என்று சொல்லிவிடாதே, புழுவைப் பற்றியும் சொல். இன்னொன்று, இந்த வருடம் கவர்மெண்ட் வாத்தியார் வேலைக்கான டி.எஸ்.சி. பரீட்சை வரும் என்று குப்பத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்த பிள்ளைகள் எல்லாம் இப்போதே படிக்கிறார்கள். நீ இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கையைவிட்டுப் போகும். நீ எழுதினால் ஜில்லாவில் முதல் ஆளாக வருவாய், இதைச் சித்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொன்னேன், அவர் ஆமாம் என்றார்.

உன் பிள்ளைகளுக்கு ஒரு கதைக் கணக்கு அனுப்புகிறேன், என் பெயரைச் சொல்லிக் கொடு. ஒருவன் தன் போரில் மூன்று தடவை தண்ணீரை அளந்தான், முதலில் இருநூறு, இரண்டு மாதம் கழித்து இருநூற்று அறுபது, அதற்கு அடுத்த மாதம் இருநூற்று இருபத்து நாலு. மழை இல்லை. எந்த அளவு மற்ற இரண்டோடு சேராது, அது ஏன் சேரவில்லை. வகுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், அளந்தவனிடம் என்ன கேள்வி கேட்பாய். கடைசிக் கேள்விக்கு மார்க் அதிகம் போடு. அவன் பெயர் தணிகாசலம் என்று போட வேண்டாம், கங்கையா என்று போட்டுக்கொள். நீ தொட்டித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, வெயிலில் மணலில் செருப்பில்லாமல் நடக்காதே, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். படகில் போகும்போது ஓரத்தில் உட்காராதே.

சிக்னல் இறங்கிவிட்டது, ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். உன் அம்மா புறப்படும்போது வாசல் வரைக்கும் வந்து, தான் சொல்வதைக் கடைசியில் அப்படியே எழுத வேண்டும், நீ உன் பங்குக்கு ஒரு எழுத்துகூடச் சேர்க்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது இது. "நளினி, கயிற நான்தான் புடிச்சேன். தண்ணி கீது. அது இல்லன்னாலும் நீ வந்துடுன்னுதான் பொங்கலுக்கே சொல்லியிருப்பேன், பூத்துல பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன், உங்க சின்ன நைனா போன என் கையில குடுக்கல."

எழுதிவிட்டேன். நம் குலதெய்வம் உன்னை நல்ல காற்றில் நல்ல அலையில் கரை சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், நீ இருக்கிற இடமெல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். மார்ச் ஒன்று, மறந்துவிடாதே. வருகிற தேதி தெரிந்ததும் பூத்துக்குப் போன் போடு, நான் எடுத்ததும் போனை உன் அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு
உன் சின்ன நைனா
கு. தணிகாசலம்
குடுபல்லி